கட்டைவிரல் பள்ளம்

“சத்தம் வரல, மிஸ்.”

“எந்தச் சத்தம், ஆன்ட்டி?”

“அவரோட சத்தம்.”

மித்ரா தலையை ஆட்டினாள். புரிந்தது என்றும் எடுத்துக்கொள்ளலாம், புரியவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். குருமார்களுக்கு இந்தத் தலையாட்டல் ஒரு சௌகரியம்.

இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்தொரு வயது. சிஷ்யைக்கு ஐம்பத்தாறு.

குரு சங்கமித்ரா, அயனாவரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் பேஸ் கிதார் சொல்லிக்கொடுக்கிறவள். சிஷ்யை ஜெசிந்தா, பெரம்பூரில் குடும்பம் நடத்தியவள். குடும்பத்தில் மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். கணவர் ஸ்டானி போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கல்லறைக்குப் போய்விட்டார். மிச்சம் ஒரு பேஸ் கிதார்.

மிஸ் என்று கூப்பிடுவது கான்வென்ட் பழக்கம். எதிரே உட்கார்ந்து ‘இப்படிச் செய்’ என்று யார் சொன்னாலும் அவர் ஜெசிந்தாவுக்கு மிஸ்தான். பல் டாக்டரைக்கூட ஒரு தடவை மிஸ் என்று கூப்பிட்டிருக்கிறாள். அவர் மீசை வைத்தவர்.

“ஆன்ட்டின்னு கூப்பிடாதீங்க மிஸ். சிஷ்யையை யாராவது ஆன்ட்டின்னு கூப்பிடுவாங்களா?”

“சரி ஆன்ட்டி.”

•

பேஸ் கிதாரில் நாலே தந்தி. நாலும் தடி. பாட்டில் அதை யாரும் கவனிப்பதில்லை. நிறுத்தினால்தான் என்னவோ குறைகிறது என்று தேடுவார்கள். வீட்டில் சில பேர் அப்படி உண்டு.

“வாசிங்க,” என்றாள் மித்ரா.

ஜெசிந்தா வாசித்தாள். கான்வென்டில் சிஸ்டர் குளோட்டில்டா ஸ்கேலால் முட்டியில் தட்டித் தட்டிப் பியானோ ஏற்றிய விரல்கள். நாற்பது வருஷமாக வெங்காயம் நறுக்கினாலும் தாளம் மறக்காது. ஸ்டானி தினமும் வாசித்த பயிற்சியைத்தான் வாசித்தாள். நாலு சுரம் ஏறும், மூன்று சுரம் இறங்கும், மறுபடியும் நாலு ஏறும்.

“சரியாத்தானே வாசிக்கறீங்க.”

“சுரம் சரி. சத்தம் அது இல்ல. புதுத் தந்தி போட்டேன். பழைய தந்தியைத் திரும்பப் போட்டேன். ஸ்பீக்கர் ஆம்ப்ப ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கினேன். அதுல இருக்கிற திருகு எல்லாத்தையும் திருகிப் பார்த்தாச்சு. மிக்ஸியைக்கூட நான் இவ்வளவு திருகினது இல்ல.”

மித்ரா சிரிக்கவில்லை. ஜெசிந்தாவின் வலது கையைப் பிடித்து, மணிக்கட்டோடு தூக்கி, கிதாரின் கழுத்துப் பக்கம் வைத்தாள்.

“இப்ப.”

தூம். கொழுத்த, சோம்பேறிச் சத்தம். மெத்தை மேல் பூனை குதித்த மாதிரி.

கையைத் தூக்கி நடுவில் வைத்தாள்.

தும்.

கையைத் தூக்கி, தந்திகள் வந்து முடியும் இரும்புத் தகட்டுப் பக்கம் வைத்தாள். அதைப் பிரிட்ஜ் என்பார்கள்.

டங்.

“ஒரே தந்தி,” என்றாள் மித்ரா. “ஒரே விரல். எதுவுமே திருகல. இதுல எது அவர் சத்தம்?”

ஜெசிந்தா மூன்றையும் மறுபடி வாசித்துப் பார்த்தாள். அவள் அறியாமலே கை கழுத்துப் பக்கம் நகர்ந்து போய் நின்றது.

“எதுவும் இல்ல.”

“கை மேல ஏறுது.”

“ஏறட்டும். அங்கதான் காதுக்கு இதமா இருக்கு.”

“யார் காதுக்கு?”

“என் காதுக்குத்தான். வேற யாரு இருக்கா இங்க?”

மித்ரா மறுபடியும் அந்தத் தலையாட்டலை ஆட்டினாள். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

•

அடுத்த சனிக்கிழமை ஜெசிந்தா ஒரு போட்டோவோடு வந்தாள்.

வேப்பேரியில் ஏதோ ஒரு கல்யாண ரிசப்ஷன். மேடையில் பேண்ட். எல்லோருக்கும் ஒரே மாதிரி மெரூன் கோட்டு. ஓரத்தில் ஸ்டானி, கண்ணை மூடி, மெரூன் கிதாரோடு. கோட்டுக்குப் பொருத்தமாகக் கிதாரா, கிதாருக்குப் பொருத்தமாகக் கோட்டா என்று பேண்டில் அந்தக் காலத்தில் ஒரு சண்டையே நடந்தது.

மித்ரா முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.

“கழுத்துப் பக்கம் வச்சிருக்கார்.”

அந்த இடத்தில் கட்டைவிரலை ஊன்றி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாற்றி மாற்றி அவளே வாசித்தாள். தூம், தூம், தூம்.

ஜெசிந்தா ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள்.

“இது அவர்தான்.”

“கிடைச்சாச்சா?”

“இல்ல. இது மேடைச் சத்தம். பேண்ட்ல இருந்தவங்க வெண்ணெய், வெண்ணெய்னு கொண்டாடுவாங்க. கல்யாண வீட்ல உட்கார்ந்து பிரியாணிக்குக் காத்துக்கிட்டு நானும் கேட்டிருக்கேன். நான் தேடறது வீட்டுச் சத்தம்.”

“ரெண்டும் வேறயா?”

“மனுஷனே வீட்ல வேற, மேடையில வேற. சத்தம் மட்டும் ஒண்ணாவா இருக்கும்?”

“வீட்ல எப்ப வாசிப்பார்?”

“தவக்காலத்துல.”

மித்ராவுக்குத் தவக்காலம் தெரியாது. ஜெசிந்தா சொன்னாள். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லாவிட்டால் ரிசப்ஷன் இல்லை, ரிசப்ஷன் இல்லாவிட்டால் பேண்டுக்கு வேலை இல்லை. வருஷம் முழுக்க சனி, ஞாயிறு ராத்திரிகளில் ஊர் சுற்றும் மனுஷன் அந்த நாற்பது நாளும் வீட்டோடு கிடப்பார். ரயில்வே ஆபீஸ் விட்டு வந்து, முகம் கழுவி, ஹாலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து வாசிப்பார்.

“எதிர்வீட்டு அம்மா கேப்பாங்க, தவக்காலத்துல என்னப்பா பாட்டுன்னு. பாட்டு இல்லம்மா, பயிற்சிம்பார். ஆண்டவருக்கே அந்த வித்தியாசம் புரிஞ்சிருக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான்.”

“உங்களுக்குப் பிடிக்குமா?”

“முதல் வருஷம் பிடிக்கல. கல்யாணமாகி வந்த புதுசு. சாயங்காலம் குழம்பு கொதிக்குது, வெளியில ஒரே உறுமல். என்னங்க, வாசல்ல எவனோ லாரிய நிறுத்தி வச்சிட்டு ஆஃப் பண்ணாமப் போயிட்டான், போய் என்னன்னு கேளுங்கன்னு கத்தினேன். அவரும் எழுந்து போய், கேட்டைத் திறந்து, தெருவை ரெண்டு பக்கமும் பார்த்துட்டு வந்து, லாரி எதுவும் இல்லையே ஜெசின்றார்.”

மித்ரா இப்போது சிரித்தாள்.

“அவர் வாசலுக்குப் போனதும் உறுமல் நின்னுடுச்சு. திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி ஆரம்பிச்சுது. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது, லாரி ஹால்லதான் நிக்குதுன்னு. சொன்னேன். ஒரு வார்த்தை பேசல. மூஞ்சி மட்டும் சுண்டிப் போச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, ரெண்டு நாள்ல காது பழகிடுச்சு. அழகாக் கேக்கும். ஒவ்வொரு சுரமும் உருட்டி வச்ச கொழுக்கட்டை மாதிரி தனித்தனியா. எங்க ஏறுது, எங்க இறங்குதுன்னு எனக்கு அத்துப்படி. அதைக் கேட்டுக்கிட்டேதான் நான் பியானோ படிச்ச ஞாபகத்துல மனசுக்குள்ள வலது கை வாசிப்பேன். அவர் கீழ, நான் மேல. அவருக்கு அது தெரியாது.”

ஜெசிந்தா தன் விரல் நுனிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

“தவக்காலம் ஆரம்பிச்சா அவர் விரல் நுனி பழுத்துப் போயிடும். மேடையில மாசக்கணக்கா வாசிக்கும்போது ஒண்ணும் ஆகாது. வீட்ல ஒரு வாரம் வாசிச்சா கொப்புளம். நான்தான் மெழுகு உருக்கி வைப்பேன். என்னங்க இதுன்னா, தவக்காலம்ல ஜெசி, அதான்னு சிரிப்பார்.”

மித்ரா சட்டென்று நிமிர்ந்தாள்.

“கிதாரைக் கொடுங்க.”

வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். கிதார் புதுச் சைக்கிள் மாதிரி மின்னியது.

“இதுல தேய்ஞ்ச இடம் எங்க?”

“எது?”

“எத்தனையோ வருஷம் வாசிச்ச கிதார். கை ஊன்றின இடத்துல பெயின்ட் போயிருக்குமே. மரம் தெரிஞ்சிருக்குமே.”

“இருந்துது. அசிங்க அசிங்கமா. அவர் போனதுக்கு அப்புறம் ஓட்டேரியில கார் பெயின்ட் அடிக்கிறவன்கிட்ட கொடுத்து, அதே மெரூன்ல சூப்பரா அடிச்சு வாங்கிட்டேன். நாலு கோட்டிங்.”

மித்ரா கிதாரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

கறை என்றால் ஜெசிந்தாவுக்கு ஆகாது. அவள் வீட்டுக் குக்கரில் நீங்கள் தலை சீவிக்கொள்ளலாம். புருஷன் போன துக்கத்தில் சில பேர் சாப்பிடமாட்டார்கள், சில பேர் தூங்கமாட்டார்கள். ஜெசிந்தா தேய்த்தாள். பீரோ, ஜன்னல் கம்பி, சுருபக் கூண்டு, சீலிங் ஃபேன். எல்லாம் தேய்த்து முடித்த பிறகு மிச்சமிருந்தது கிதார்.

“எங்க தேய்ஞ்சிருந்துதுன்னு ஞாபகம் இருக்கா?”

இல்லை.

இத்தனை வருஷம் அந்தக் கிதாரைத் துடைத்திருக்கிறாள். தேய்ந்த இடத்தை எப்படிப் போக்குவது என்று மட்டும்தான் யோசித்திருக்கிறாள்.

“திட்டணும்னா திட்டிடுங்க மிஸ். சிஸ்டர் குளோட்டில்டாவா இருந்தா இந்நேரம் ஸ்கேலை எடுத்திருப்பாங்க.”

“கிதாரை இங்க வச்சிட்டுப் போங்க,” என்றாள் மித்ரா.

•

வைத்துவிட்டுப் போவதில் ஒரு சங்கடம் இருந்தது.

ஈஸ்டர் முடிந்ததும் ஜெசிந்தா வீட்டைக் காலி செய்துவிட்டு மகளிடம் கோயம்புத்தூர் போகிறாள். மகள் வீட்டில் இரண்டே ரூம். ‘வாசிக்கறதுன்னா கொண்டு வாம்மா, ஷோகேஸ்ல வைக்கறதுக்குன்னா வேண்டாம்’ என்று மகள் சொல்லிவிட்டாள். அம்மா பேச்சுதான் மகளுக்கும்.

பங்கு ஃபாதரும் கேட்டுக்கொண்டிருந்தார். கோயில் பாடகர் குழுவுக்கு ஒரு பேஸ் கிதார் வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின வாரம் வரும் குருத்தோலை ஞாயிறுக்குள் அந்தச் சத்தம் கிடைத்தால் கிதார் என்னோடு வரும், கிடைக்காவிட்டால் கோயிலுக்கு என்று ஜெசிந்தா வார்த்தை கொடுத்திருந்தாள்.

கிதார் போனால் போகிறது. அவளுக்குக் கிதார் இல்லை விஷயம்.

போன மாதம் ஒரு நாள் காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போது, ஸ்டானி தன்னை எப்படிக் கூப்பிடுவார் என்று நினைத்துப் பார்த்தாள். வார்த்தை வந்தது. குரல் வரவில்லை. டம்ளருக்கும் டபராவுக்கும் நடுவில் கை அப்படியே நின்றது. எங்கே போயிற்று? எவ்வளவு நாளாக இல்லை?

குரல் போய்விட்டது. அந்தச் சத்தம் இன்னும் இருக்கிறது. ஆனால் அதுவும் ஓரத்தில் கரைகிறது. ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், பிடித்துக்கொள்வாள்.

இதை அவள் மித்ராவிடம் சொல்லவில்லை. அழுமூஞ்சிகளை அவளுக்குப் பிடிக்காது. அதில் தன் மூஞ்சிக்கு மட்டும் சலுகை கொடுக்க முடியுமா?

•

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள்.

ஜெசிந்தா செருப்பைக் கழற்றும்போதே மித்ரா சொன்னாள்: “கண்ணை மூடுங்க.”

“எதுக்கு?”

“மூடுங்க.”

மூடினாள். மித்ரா அவள் கட்டைவிரலைப் பிடித்துக் கிதாரின் மேல் வைத்து, மெள்ள இழுத்தாள். வழவழப்பு. வழவழப்பு. நாலு கோட்டிங் வழவழப்பு.

பிரிட்ஜ் பக்கத்தில் விரல் லேசாக இறங்கியது. இறங்கி, உட்கார்ந்துகொண்டது.

“என்ன இது?”

“பள்ளம்.”

“இப்பத்தான் ஞாபகம் வருது, பெயின்ட்காரன் பட்டி வச்சு அடைச்சானே. இங்க மட்டும் ஏன் மேடம் குழியா இருக்குன்னு கேட்டான்.”

“பட்டி காய்ஞ்சா இறங்கும். மேல எவ்வளவு அடிச்சாலும் கூடவே இறங்கும். சாய்ஞ்ச வெயில்லதான் தெரிஞ்சுது.”

ஜெசிந்தா கண்ணைத் திறக்கவில்லை. கட்டைவிரல் அங்கேயே இருந்தது. தன் விரலைவிடக் கொஞ்சம் அகலமான விரல் ஒன்றின் இடம் அது.

“வாசிங்க.”

கட்டைவிரலைப் பள்ளத்தில் ஊன்றி வாசித்தாள்.

டங். டங். டங்.

கண்ணைத் திறந்துவிட்டாள். முகம் மாறிவிட்டது.

“இது இல்ல.”

“பள்ளம் அங்கதான் இருக்கு.”

“பள்ளம் இருக்கட்டும். சத்தம் இது இல்ல. இது என்ன சத்தம், தகர டப்பாவுல பொடிக்கல்லைப் போட்டுக் குலுக்கற மாதிரி! தந்தி வேற கம்பியா நிக்குது, இழுக்கவே முடியல. விரல் எரியுது. இதையா மனுஷன் நாப்பது நாளும் வாசிச்சார்?”

“மேடையில கழுத்துப் பக்கம். வீட்ல இங்க. வீட்லதான் ஜாஸ்தியா அழுத்தி வாசிச்சிருக்கார். அதான் பள்ளம்.”

“ஏன்? வெண்ணெயைக் கையில வச்சிக்கிட்டு எவனாவது கல்லைக் கடிப்பானா?”

ஜெசிந்தா கிதாரை உறைக்குள் வைக்க ஆரம்பித்தாள். ஜிப் பாதியில் சிக்கியது. எரிச்சலில் இன்னும் சிக்கியது.

“விடுங்க மிஸ். நாளைக்குக் குருத்தோலை. கோயில்லயே கொடுத்துடறேன். எவனாவது சின்னப் பையன் ஆசையா வாசிக்கட்டும். நமக்கு இது எழுதி வைக்கல.”

“ஆன்ட்டி, ஒண்ணு கேக்கறேன்.”

“கேளுங்க.”

“அவர் வாசிக்கும்போது நீங்க எங்க உட்கார்ந்திருப்பீங்க?”

ஜெசிந்தா ஜிப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். இடுப்பில் கை போயிற்று.

“உட்கார்ந்தா? யாரு உட்கார்ந்தா? ஆபீஸ்லேருந்து வந்தவருக்கு டீ, ஸ்கூல்லேருந்து வந்ததுக்கு ஹோம்வொர்க், ஆறு மணிக்குக் கோயில்ல சிலுவைப்பாதை ஜெபம், வந்து ராத்திரிச் சமையல். தவக்காலம்னா கறி கிடையாது. கறி இல்லன்னா இன்னும் வேலை ஜாஸ்தி. காராமணி வேகணும், கீரை ஆயணும். கீரை தானா ஆய்ஞ்சுக்குமா? முக்காலி போட்டு உட்கார்ந்து பாட்டுக் கேக்கறதுக்கு நான் என்ன மகாராணியா?”

“அப்போ எங்க?”

“அடுப்படியிலதான். வேற எங்க?”

“ஆம்ப் எங்க இருந்துது?”

“ஹால்ல. அடுப்படிச் சுவரை ஒட்டி. ப்ளக் பாயின்ட் அங்கதான் இருந்துது.”

மித்ரா தலையை ஆட்டினாள். இந்தத் தடவை அது புரிந்த தலையாட்டல் மாதிரி இருந்தது.

“டீ போடுங்க,” என்றாள்.

“என்னது?”

“டீ. ரெண்டு டம்ளர். தூள் மேல் தட்டுல இருக்கு.”

ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது. காசு கொடுத்துப் படிக்க வந்த இடத்திலும் அடுப்படிதான். கான்வென்டில் சிஸ்டர்களுக்குக்கூட அவள் டீ போட்டதில்லை. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு போனாள். மிஸ் சொன்னால் செய்யவேண்டும் என்று எலும்புக்குள் எழுதியிருக்கிறது.

•

சமையலறை சின்னது. சிங்க்கில் காலைப் பாத்திரம் அப்படியே கிடந்தது. குருவின் லட்சணம் இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டே பாலை அடுப்பில் வைத்தாள். தூள் டப்பா மூடியில் பிசுக்கு. முந்தானையால் துடைத்தாள். இஞ்சி கிடைத்தது. நசுக்க எதுவும் கிடைக்காததால் டம்ளர் அடியால் நசுக்கினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மித்ரா வாசிக்க ஆரம்பித்தாள்.

நாலு சுரம் ஏறியது. மூன்று இறங்கியது.

ஜெசிந்தா இஞ்சியைப் பாலில் போட்டாள். நாலு ஏறியது. டீத்தூளை எடுத்தாள். மூன்று இறங்கியது. காராமணி வெந்திருக்குமா என்று குக்கரைப் பார்த்தாள்.

குக்கர் இல்லை.

காராமணி இல்லை.

இது வேறு வீட்டு அடுப்படி.

சத்தம் மட்டும் அதுதான்.

உருண்டையாக, தனித்தனியாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல். சுவர் முனையெல்லாம் மழித்துவிட்டு, உருட்டி உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சிலுவைப்பாதை முடிந்து வந்து மாற்றாத புடவை. ஜன்னலில் அடங்குகிற வெளிச்சம். அந்தப் பக்கம் முக்காலி. எட்டிப் பார்த்தால் வழுக்கை விழ ஆரம்பித்த அந்தப் பின்னந்தலை தெரியும். அவள் எட்டிப் பார்த்ததில்லை. கேட்டுக்கொண்டிருக்கும்போது எதற்குப் பார்க்கவேண்டும்?

வலது கை விரல்கள் அடுப்பு மேடையின் விளிம்பில் தாமாக நகர்ந்தன. அவர் கீழே, இவள் மேலே.

‘ஜெசி, டீ என்னாச்சு?’

அவர் குரலோடு கேட்டது.

அப்போது சத்தம் மாறியது.

சுரங்கள் ஒன்றோடொன்று குழைந்தன. ஏறுவதும் தெரியவில்லை, இறங்குவதும் தெரியவில்லை. ஒரே உறுமல். தட்டுக் கூடையில் தட்டுகள் நடுங்கின. டம்ளர் டம்ளரோடு இடித்தது.

ஜெசிந்தாவுக்கு எங்கிருந்துதான் எரிச்சல் வந்ததோ.

“என்னங்க, லாரி!” என்று கத்தினாள்.

உறுமல் நின்றது.

ஒரு மூச்சு இடைவெளி.

நாலு சுரம் ஏறியது. தனித்தனியாக. மூன்று சுரம் இறங்கியது. தனித்தனியாக.

ஜெசிந்தா கரண்டியோடு நின்றாள்.

ரெண்டு நாளில் காது பழகிவிட்டது என்று தாய்வீட்டில் சொல்லியிருக்கிறாள். எதிர்வீட்டு அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். மகளிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். அவர் முன்னாலேயே சொல்லியிருக்கிறாள். அவரும் சிரித்திருக்கிறார்.

பால் பொங்கியது. பொங்கி, அடுப்பைச் சுற்றி வழிந்து, மேடையில் ஓடி, விளிம்பில் சொட்டியது.

ஜெசிந்தா அதைத் துடைக்கவில்லை.

•

ஹாலுக்கு வந்தாள். மித்ராவின் கட்டைவிரல் பள்ளத்தில் இருந்தது. அறைக்குள் அதே தகர டப்பாச் சத்தம்தான். டங், டங், டங்.

“வேணும்னேதானே கையை மாத்தினீங்க?”

“ஒரு தடவை கழுத்துப் பக்கம் வச்சேன். நீங்க கத்தினதும் திரும்ப இங்க வந்துட்டேன்.”

“கையைக் காட்டுங்க.”

மித்ரா வலது கையை நீட்டினாள். இரண்டு விரல் நுனியும் சிவந்திருந்தன.

“ரெண்டு நிமிஷம் வாசிச்சதுக்கேவா?”

“பிரிட்ஜ் பக்கத்துல தந்தி அவ்வளவு விறைப்பா இருக்கும் ஆன்ட்டி. யாரும் அங்க ரொம்ப நேரம் வாசிக்கமாட்டாங்க. வாசிக்கறவங்களுக்கு அது நல்லாவும் இருக்காது.”

ஜெசிந்தா அந்தச் சிவந்த நுனிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

போன் அடித்தது. திரையில் பங்கு ஃபாதர்.

கான்வென்டில் படித்த எந்தப் பெண்ணும் ஒரு ஃபாதரின் போனைக் கட் செய்ததாகச் சரித்திரம் இல்லை. ஜெசிந்தா கட் செய்தாள். மறுபடி அடித்தது. போனைத் திருப்பி, குப்புற வைத்தாள்.

“கொடுங்க,” என்றாள்.

கிதாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அங்கிருந்த முக்காலியைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டாள். ஆம்ப்பைக் காலால் தள்ளிச் சுவரோடு ஒட்டினாள்.

“மிஸ்.”

“சொல்லுங்க ஆன்ட்டி.”

“அடுப்படி மேடையெல்லாம் பாலு. போய்த் துடைங்க.”

மித்ரா எழுந்து போனாள். துணியை நனைக்கும் சத்தம் கேட்டது.

ஜெசிந்தா வாசித்தாள். நாலு ஏறியது, மூன்று இறங்கியது. கை அதன் பாட்டுக்கு, எப்போதும் போல, இதமான இடத்தைத் தேடிக் கழுத்துப் பக்கம் நகர்ந்தது.

தூம். தூம். தூம். வெண்ணெய்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

“லாரி!”

ஜெசிந்தா கட்டைவிரலை இறக்கிப் பள்ளத்தில் வைத்தாள்.